நிலக்கரியோடு ஏற்றிய தண்ணீர்

ஓமனுக்கும் அல் ஐனுக்கும் நடுவே ரயில் பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் காலத்தில் லாரியில் போன சரக்கெல்லாம் இனி வேகனில் போகும் என்கிறார்கள். அந்த வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் மூன்று பேர் போன வாரம் வீட்டுக்கு வந்து, தோசை சாப்பிட்டுவிட்டு, "அங்கிள், உங்க அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்க, எங்க குரூப்ல போடுறோம்" என்றீர்கள். நீங்கள் போன பிறகு என் மனைவி, "எழுதுங்க, எழுதுங்க. நீங்க கெட்டிக்காரரா இருந்த கதையா எழுதித் தள்ளுவீங்க" என்றாள். முப்பது வருடம் கூட இருந்தவள் சொல்வதில் உண்மை இல்லாமல் இருக்காது. எனவே நான் கெட்டிக்காரனாக இல்லாத ஒரு சமயத்தை எழுதுகிறேன். அந்த வருடம் எல்லோரும் என்னைக் கெட்டிக்காரன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொல்லையே அதுதான்.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். நிலக்கரி கப்பலில் ஓமன் கடற்கரைக்கு வரும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் கம்பெனிக்கு ஒரு யார்டு. அங்கே லாரியில் ஏற்றி, மலைகளுக்கு இடையே உள்ள சாலை வழியாக எல்லை தாண்டி, அமீரகத்தில் அல் ஐன் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் கொட்ட வேண்டும். அவர்கள் சூளை அதில்தான் எரிந்தது. கரியை ஏற்றி அனுப்புவது என் பொறுப்பு. ஆபீஸும் வீடும் அல் ஐனில், வாரத்தில் மூன்று நாள் யார்டில்.

இங்கே வருவதற்கு முன் நான் தூத்துக்குடியில் இருந்தேன். துறைமுகத்தில் இறங்கும் கரியை ரயில் வேகனில் ஏற்றி உள்நாட்டு ஆலைகளுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம். தூசி பறக்கிறது என்று ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதற்காக வேகனில் ஏற்றியதும் மேலே தண்ணீர் அடிப்போம். அந்தக் கடல் காற்றில் தண்ணீர் அப்படியே கிடக்கும். மறுநாள் ஆலைக்குப் போய்ச் சேரும்போதும் கரி ஈரமாகத்தான் இருக்கும். ஒன்பது வருடம் செய்த வேலை கையோடு வந்துவிடும். யோசிக்காமல் செய்வோம்.

ஓமன் யார்டிலும் அதே புகார் வந்தது. எல்லைச் சாவடியில் காத்திருக்கும் நம் வண்டிகளிலிருந்து கரித்தூசி பறந்து அதிகாரிகளின் அறைக்குள் வருகிறது, இப்படியே போனால் வண்டியை விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நான் உடனே ஒரு தண்ணீர் டேங்கரும் பம்பும் ஏற்பாடு செய்தேன். முதலில் வண்டியை எடைபோட்ட பிறகு தண்ணீர் அடித்து, தார்பாய் கட்டினோம். அதற்கு வண்டி ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டியிருந்தது. காலையில் வரிசை நீண்டுவிடும், டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். நான் வரிசையை மாற்றினேன். ஏற்றியதும் தண்ணீர், பிறகு தார்பாய், கடைசியில் எடைமேடை, அப்படியே கேட். வண்டிக்கு அரைமணி நேரம் மிச்சம். தூசியும் நின்றது, தாமதமும் நின்றது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் என் தோளில் தட்டினார். வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, எனக்கு ஒரே பெருமை.

எடைச்சீட்டில் இருந்தது கரியும் தண்ணீரும் சேர்ந்த எடை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. குளிர்காலத்தில் வண்டி காலையில் கிளம்பி மாலையில் ஆலையில் கொட்டிவிடும். யார்டு எடைக்கும் ஆலை எடைக்கும் உள்ள வித்தியாசம் ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்த அளவுக்குள் அடங்கிவிடும். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எங்களிடம் ஓட்டிய டிரைவர்களில் பெரும்பாலோர் பாகிஸ்தான் பட்டாணியர்கள். தமிழர் ஒரே ஒருவர், சாகுல் ஹமீது. தொண்டிப் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார். பதினோரு வருடமாக எல்லை தாண்டி ஓட்டும் பாஸ் அவரிடம் இருந்தது. அந்தப் பாஸ் இருந்தால்தான் எங்களுக்கு டிரைவர், இல்லாவிட்டால் அவர் வெறும் ஆள். இதை அவரே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு நோன்புப் பெருநாளுக்கு முந்தைய நாள், நல்ல கோடை, சாகுல் பாயின் வண்டியை எல்லையில் நிறுத்திவிட்டார்கள். அந்த வண்டிக்கு எல்லை தாண்டுவதற்கான காப்பீடு காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க வேண்டியது எங்கள் ஆபீஸ். மறந்துவிட்டோம். பெருநாள் விடுமுறை வேறு. புதுத் தாள் கைக்கு வர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் அவர் மரமோ கூரையோ இல்லாத பொட்டல் வெளியில் வண்டியோடு கிடந்தார். பெருநாளன்று மதியம் நான் போன் செய்து, "சாப்பாடு இருக்கா பாய்?" என்று கேட்டேன். "இருக்கு சார்" என்றார். போனை வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்திருந்த பிரியாணியைச் சாப்பிடப் போனேன்.

ஆறாம் நாள் அவர் வண்டி ஆலையின் எடைமேடையில் ஏறியது. எண்ணூறு கிலோவுக்கு மேல் குறைந்தது. அதுவரை எங்கள் வண்டி எதிலும் அவ்வளவு குறைந்ததில்லை.

ஆலையின் பாதுகாப்பு அதிகாரி பஞ்சாப்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நேரே கேட்டார். ஐந்து நாள் வண்டி சும்மா நின்றது, கூடவே டிரைவர் மட்டும், கரி எங்கே போயிற்று? தார்பாயில் சீல் இருந்ததே என்றேன். சிரித்தார். சீல் ஒரு மூலையில்தான் இருக்கும், எதிர் மூலையில் கயிற்றைத் தளர்த்தினால் கை போகும், வாளி போகும், எல்லாம் போகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எனவே நானும் நம்பினேன். ஆமாம், நானும் நம்பினேன். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வழியில்லை.

சாகுல் பாயை ஆபீஸுக்குக் கூப்பிட்டேன்.

"எங்க இறக்குனீங்க பாய்? யாருக்குக் குடுத்தீங்க?"

"நான் ஒரு கட்டி கூட எடுக்கல சார்."

"அப்பொ எங்க போச்சு? பறந்தா போச்சு?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? வண்டிய விட்டு நான் எங்கயும் போகல. அந்த அஞ்சு நாளும்..."

"அஞ்சு நாள் கதையெல்லாம் இப்பொ வேண்டாம். இத எப்படி முடிக்கதுன்னு பாப்போம்."

எப்படி முடிப்பது என்பதற்கு எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் இருந்தது. இங்கே பல ஆபீஸ்களில் உண்டு, நீங்களும் பார்ப்பீர்கள். தொழிலாளி மேல் ஏதாவது புகார் வந்தால், உண்மையோ பொய்யோ, அவரிடம் ஒரு மன்னிப்புக் கடிதம் வாங்கிவிடுவது. வருந்துகிறேன், இனி நடக்காது என்று நாலு வரி. அதைக் கொடுத்தால் வாடிக்கையாளரின் கோபம் அடங்கும், ஃபைல் மூடும், கலாஸ். கடிதத்தை நாமே ஆங்கிலத்தில் எழுதுவோம். அவர் கையெழுத்து மட்டும் போடுவார். இதை நான் நல்லது என்று நினைத்துத்தான் செய்துவந்தேன். ஆளை வேலையில் காப்பாற்றுகிறேன் என்ற எண்ணம்.

நான் எழுதினேன். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். சாகுல் பாய் தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது.

"சார், இதுல நான் எடுத்தேன்னு இருக்கா?"

"இல்ல பாய். குறைஞ்சதுக்கு வருத்தம், இனிமே இப்படி நடக்காதுன்னுதான் இருக்கு. சும்மா ஒரு பேப்பர். போடுங்க."

அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு போட்டார்.

மறுநாள் அந்தப் பாதுகாப்பு அதிகாரி போன் செய்தார். "லெட்டர் மில் கயா", கடிதம் கிடைத்துவிட்டது என்று ஆரம்பித்து, ரொம்ப நன்றி, இது போதும், வியாழக்கிழமை போலீஸில் கொடுத்துவிடுகிறேன் என்றார். எதற்குப் போலீஸ், அதுதான் மன்னிப்புக் கேட்டுவிட்டாரே என்றேன். மன்னிப்புக் கேட்டால் செய்தேன் என்றுதானே அர்த்தம், இனி நடக்காது என்றால் ஒருமுறை நடந்தது என்றுதானே அர்த்தம் என்று கேட்டார்.  போலீஸில் கொடுத்தால் பாஸ் போகும், பிறகு வழக்கு, பிறகு ஊருக்கு அனுப்பித் திரும்பி வர முடியாதபடி முத்திரை. அன்று ஞாயிற்றுக்கிழமை. வியாழனுக்கு மூன்று முழு நாள் இருந்தது.

திங்கள்கிழமை யார்டுக்குப் போக வேண்டிய முறை. மனம் சரியில்லாமல் எடைமேடைப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். ஏற்றி, தண்ணீர் அடித்து, தார்பாய் கட்டிய ஒரு வண்டி எடைமேடையிலிருந்து இறங்கிக் கேட்டை நோக்கிப் போனது. பின்கதவின் இடுக்கிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. மேடையிலிருந்து கேட் வரை தரையில் ஒரு கறுப்புக் கோடு. புதிய கோடு இல்லை. ஆறு மாதமாகத் தினம் விழுந்து விழுந்து சிமென்ட் தரையில் ஊறிப்போன கோடு. யார்டுக்கு வரும் நாளெல்லாம் அதை மிதித்துக்கொண்டுதான் டீ குடிக்கப் போவேன். வேலை சுத்தமாக நடக்கிறது என்பதற்கு அடையாளம் என்று நினைத்திருந்தேன்.

 அங்கேயே நின்று சாகுல் பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், பார்டர்ல நின்னப்போ வண்டியில இருந்து தண்ணி வடிஞ்சுதா?"

"வடிஞ்சுச்சு சார். ரெண்டு நாளு விடாம வடிஞ்சுச்சு. கீழ மண்ணெல்லாம் சேறாப் போயிருச்சு. மூணா நாளு நின்னுருச்சு. அப்பறம் தார்பாய தொட்டா கொதிக்கும், ஓரத்துல எட்டிப் பாத்தா கரி பொடிப்பொடியாக் காஞ்சு கெடந்துச்சு."

"இத ஏன் பாய் எங்கிட்ட சொல்லல?"



"நீங்க அதக் கேக்கலயே சார். யாருக்குக் குடுத்தன்னுதான் கேட்டீங்க."

இதை நான் உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். நாற்பது வயதில், இரண்டு நாட்டில் வேலை பார்த்தவன், ஒரு சரக்குக்குப் பக்கத்தில் ஐந்து நாள் உட்கார்ந்திருந்த மனிதரிடம், என்ன பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை. பதிலை நானே முடிவு செய்துகொண்டு கேள்வி கேட்டேன். உங்கள் வேகன்களும் எல்லையில் நிற்கும். நிற்காது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். லாரிக்காவது ஒரு டிரைவர் உண்டு. வேகனுக்குப் பக்கத்தில் ஐந்து நாள் யாரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். காவலுக்கு வருகிறவரோ பாதையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறவரோ யாராவது எதையாவது பார்த்திருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள்.

கதைக்கு வருகிறேன். வடிந்தது என்று டிரைவர் சொன்னால் ஆலை நம்பாது, என் வாய்ப்பேச்சையும் நம்பாது. அப்போதுதான் தண்ணீர் அடித்து எடைபோட்ட ஒரு வண்டியைக் கேட்டில் நிறுத்தினேன். டிரைவர் ஒரு பட்டாணியர். "பாய், நீ இங்கயே நில்லு, தீன் தின்" என்று மூன்று நாள் கணக்குச் சொன்னேன். சம்பளம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் கயிற்றுக் கட்டிலை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டார். வண்டியை வேலியோரம் வெயிலில் நிறுத்தி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். செவ்வாய் காலை எடை, மாலை எடை. புதன் காலை எடை. ஒவ்வொரு சீட்டிலும் எடைமேடைக்காரரின் கையெழுத்து. புதன் காலையில் ஐந்நூறு கிலோ குறைந்திருந்தது. நிம்மதிதான், ஆனால் முழுதாக இல்லை. சாகுல் பாய் திருடவில்லை என்றால், தவறு செய்தது நான் என்று அர்த்தம்.

மேனேஜர் சென்னைக்காரர், சத்தம் போடாதவர். சீட்டுகளை வரிசையாக மேஜையில் வைத்துப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இதக் கொண்டு போய் அவங்க கையில குடுத்தா என்ன ஆவும், யோசிச்சியா? ஆறு மாசமா எங்களுக்குத் தண்ணி வித்தீங்களான்னு கேப்பான்."

"கேப்பாங்க சார்."

"கான்ட்ராக்ட் போனா இந்த ஆபீஸ்ல நாப்பது பேர் வீட்டுக்குப் போவணும். நான் கெட்டவன் இல்லப்பா. அந்த பாய்க்கு டிக்கெட் போடுவோம், சர்வீஸ் பணம் மொத்தமா குடுத்துடுவோம். போலீஸ்ல குடுக்கறதுக்கு முன்னாடி ஊருக்குப் போயிட்டார்னா முடிஞ்சுது. அவருக்கும் வயசாவுது."

 அவர் சொன்ன நாற்பது பேரில் நானும் ஒருவன். மகள் அப்போது பத்தாம் வகுப்பு. அன்று மாலை என் காரை வீட்டுக்கு விடாமல், சாகுல் பாய் தங்கியிருந்த தொழிலாளர் கேம்புக்கு விட்டேன். அவர் அறையில் கட்டிலில் உட்கார்ந்து கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தார். டிக்கெட் விஷயத்தைச் சொன்னேன். அவர் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் கத்தியிருப்பார்கள்.

"போகலாம் சார். போனா, களவாண்டுட்டு ஓடிட்டான்னு இங்க உள்ள அத்தனை பேரும் சொல்லுவான். ஊருல இருந்து நான் கூட்டிட்டு வந்த பயலுவ ஆறு பேரு இந்த ரெண்டு ஊர்லயும் வண்டி ஓட்டுறானுவ. அவனுக மூஞ்சியப் பாத்து எவனாவது கேப்பான்ல? என்னைய வழக்குலயே போட்டுக்கட்டும் சார். நான் போகல."

வியாழன் காலை எட்டு மணிக்கு நான் ஆலை வாசலில் இருந்தேன். மேனேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் தடுக்கவும் இல்லை, போ என்றும் சொல்லவில்லை. சாகுல் பாயும் கூட வந்தார்.

பாதுகாப்பு அதிகாரியிடம் எடைச்சீட்டுகளைக் கொடுத்து, தண்ணீர் அடித்துவிட்டு எடைபோடச் சொன்னது நான், என் உத்தரவு என்று சொன்னேன். அவர் ஆலையின் ஆய்வகத்துக்குப் போன் செய்தார். ஒவ்வொரு வண்டிக் கரியிலும் ஈரம் எவ்வளவு என்று அவர்கள் குறித்து வைப்பது வழக்கம். மற்ற வண்டிகளின் கரியெல்லாம் ஈரம், சாகுல் பாய் கொண்டுவந்தது மட்டும் வறண்டு போனது என்று அவர்கள் நோட்டிலேயே இருந்தது. அவர்களும் யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

அதிகாரி சீட்டுகளை ஒதுக்கி வைத்தார். கடிதத்தை எடுத்து நடுவில் வைத்தார். இது என்ன, இதில் இவர் கையெழுத்து இருக்கிறதே என்று ஹிந்தியில் கேட்டார். சாகுல் பாய் என்னைப் பார்க்காமல், அவரைப் பார்த்துப் பதில் சொன்னார். எழுதியது இவர், அதில் இருப்பதை எனக்குப் படிக்கத் தெரியாது, சும்மா பேப்பர் என்றார், போட்டேன். அவ்வளவுதான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"சச் ஹே?"

உண்மைதான் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் ஏன் எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை. அந்த மனிதர் கடிதத்தை நாலாகக் கிழித்தார். கிழித்ததைக் குப்பையில் போடாமல் என் கையில் கொடுத்தார்.

புகார் போகவில்லை. பாஸ் தப்பியது. மேனேஜர் பயந்த அளவுக்கு நடக்கவில்லை. ஆலை அந்த ஆறு மாதச் சரக்கு முழுவதையும் மறுபடி கணக்குப் பார்த்து ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டது, ஒப்பந்தம் நீடித்தது. யார்டில் எடைபோட்ட பிறகே தண்ணீர் அடிக்க வேண்டும் என்று எழுதி ஒட்டினார்கள். என்னை யார்டிலிருந்து எடுத்து இரண்டு வருடம் ஆபீஸில் பழைய ஃபைல்களோடு உட்காரவைத்தார்கள். கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். கோபம் யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மனைவியிடம் எரிந்து விழுந்தேன், அவள் பொறுத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து சாகுல் பாய் ஆபீஸுக்கு வந்தார். புஜைராவில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, போக விரும்புகிறேன் என்றார். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். மேனேஜர் என்னையே எழுதச் சொன்னார். நான் ஆசையோடு எழுதினேன். பதினோரு வருடம் ஒரு குறையும் இல்லாமல் வேலை பார்த்தவர், இவரைப் போல நேர்மையானவரை நாங்கள் பார்த்ததில்லை என்று, கேட்காததையும் சேர்த்து ஒரு பக்கம் எழுதினேன். முத்திரை வைத்து இரண்டு கையாலும் கொடுத்தேன்.

சாகுல் பாய் வாங்கிக்கொண்டார். மேலிருந்து கீழ்வரை அந்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"தப்பா நெனைக்காதீங்க சார். கீழ டைப்பிங் சென்டர்ல நம்ம புள்ள ஒண்ணு இருக்கு. ஒரு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு வாரேன்."

படியில் அவர் இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. பத்து நிமிடம் இருக்கும். அதுவரை நான் நின்றுகொண்டே இருந்தேன். திரும்பி வந்து, "நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றார். கை கொடுத்தார். போய்விட்டார்.

படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று நானே சொல்லியிருக்க வேண்டும். அவர் படியிறங்கிய பிறகுதான் எனக்கு அது தோன்றியது.